கிண்ணப்பூ

செடி விற்கும் எங்கள் நர்சரியில் பெயர்ப்பலகை எழுதுபவரை எல்லோரும் போர்டு என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருஷமாக அதே பச்சை பெயிண்ட். கடைசி எழுத்தின் வாலை மட்டும் அழகாகச் சுழித்துவிடுவார். தங்கமான மனுஷன். ஆனால் யாரிடமும் இல்லை என்று சொல்ல வாய் வராது. தண்ணீர் ஊற்றும் நான் அதற்காகவே தினமும் அவரைத் திட்டுவேன்.

மழலையர் பள்ளி டீச்சர் ஒருநாள் வந்தார். "பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச சாமான் பேருல இருக்கிற செடியா பத்து வேணும்ணே."

போர்டுக்குத் தலைகால் புரியவில்லை. காகிதப்பூ, சங்குப்பூ, விசிறிவாழை, ஊசிமல்லி, பாட்டில் பிரஷ் என்று ஓடி ஓடி ஒன்பது சேர்த்தார். பத்தாவது சிக்கவில்லை. பெயரைக் கேட்டதுமே ஜனங்கள் ஒதுக்கிவிடும் ஊதா ஊமத்தை மூலையில் மூன்று பூவோடு நின்றது. பலகையில் ‘கிண்ணப்பூ’ என்று எழுதிச் செருகினார்.

"ஏம்ப்பா, வேரு முதல் விதை வரைக்கும் விஷம். உன் பொண்ணும் அங்கதானே படிக்குது?"

"பாக்கத்தானேக்கா வைக்கிறாங்க, திங்கவா போறாங்க? சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அந்தப் பாவம் என்னையும் சேரும்.

மறுநாள் விடியற்காலையில் நல்ல மழை. பத்து மணி வாக்கில் நர்சரியில் மிச்சமிருந்த இன்னொரு ஊமத்தையின் பூக்களில் தண்ணீர் தளும்பியது. போர்டு அதையே வெறித்துப் பார்த்தார். பிரஷைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பள்ளி வராந்தாவுக்கு வெளியே பத்துத் தொட்டிகளும் வரிசையாக இருந்தன. கிண்ணப்பூவில் ஒரு பூகூட இல்லை. டீச்சர் வகுப்பிலிருந்து ஓடி வந்தார்.

"என்னன்னே தெரியலண்ணே, அஞ்சாறு பிள்ளைங்க கண்ணு கூசுதுங்குதுங்க. நாக்கு வறண்டு தண்ணி தண்ணின்னு கேக்குதுங்க."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க டீச்சர்! அது ஊமத்தை. நான்தான் பேரை மாத்தி எழுதினேன்!"

அவர் மகள் சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்து, கண்ணின் கருமணி அகலமாக விரிந்திருந்தது. அவள்முன் மண்டியிட்டார்.

"அதை எதுக்கும்மா தொட்ட?"

"கிண்ணத்துல மழைத்தண்ணி குடிச்சோம்ப்பா, பூவையும் மென்னோம். மொதல்ல எல்லாரும் பயந்தாங்க. நான்தான் பலகையில அந்த எழுத்து வாலைக் காட்டி, இது எங்கப்பா எழுதினதுன்னு சொல்லி, எல்லாருக்கும் குடுத்தேன்."