ஆண்டவர் அவிழ்த்த மூங்கில் கட்டு

நான் கோபத்தோடுதான் இதைச் சொல்லப் போகிறேன். சாட்சி சொல்கிறவர்கள் தாழ்ந்த குரலில், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வதுதான் நம் சபையில் பழக்கம். எனக்கு அது வராது. அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன். இப்போது மிச்சம் இருப்பது கோபமும் நன்றியும்தான். இரண்டும் ஆண்டவருக்குத் தெரியும். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

என் பெயர் எஸ்தர். கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். என் கணவர் தேவராஜ் அதே தோட்டத்துத் தவறணையில், தேயிலைக் கன்றும் சவுக்குக் கன்றும் வளர்க்கிற இடத்தில், வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெனிட்டா. கல்யாணமாகி ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை.

அவளுக்கு மூன்று வயது முடிந்த சமயம் அது. நிற்கும்போது இரண்டு முழங்காலும் ஒட்டிக்கொள்ளும். கீழே கணுக்கால்கள் விலகி நிற்கும். ஓடினால் முழங்காலும் முழங்காலும் இடிக்கும், எங்கள் லயத்து வரிசை வீட்டின் படியில் விழுவாள். விழுந்த வேகத்தில் எழுந்து மறுபடியும் ஓடுவாள். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் போதும், ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். சீக்கிரம் நடக்கவிட்டதால் என்று ஒருத்தி. இடுப்பிலேயே தூக்கி வைத்திருந்ததால் என்று அவள் பக்கத்திலேயே நிற்கிற இன்னொருத்தி. நான் வயிற்றுப் பிள்ளையோடு ஏழு மாதம் வரைக்கும் கொழுந்து மூட்டையோடு மலை ஏறியதால் என்று மூன்றாவது ஆள். சம்பளம் கொடுத்துக் கேட்டாலும் இவ்வளவு யோசனை கிடைக்காது. டொக்டரிடம் காட்டு என்று மட்டும் ஒரு வாய் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பாக்கியம் அக்கா. நம் பெண்கள் ஜெபக் குழுவை நடத்துகிறவர். அந்த வருஷம் கொழுந்து நன்றாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசு வேலை கொடுத்தார்கள், எடுக்கிற கொழுந்துக்கு அன்றைக்கே கையில் காசு. நான் ஐந்தாறு ஞாயிறு ஆராதனைக்கு வராமல் அதற்குப் போனேன். அதற்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது, என் மகள் ஓடி விழுந்தாள். பாக்கியம் அக்கா அவளைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"முழங்கால் போட்டு ஜெபிக்காத வீட்டுல, புள்ளைக்கு எப்படிம்மா முழங்கால் நேரா வரும்?"

பத்துப் பேர் நின்றார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. நீங்கள் சிலரும் அன்றைக்கு அங்கே நின்றீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. கைக்காசை விட்டேன். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். அக்கா வந்து மகளின் முழங்காலில் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஜெபித்துவிட்டு, இனிமேல் மாதாமாதம் எடை பார்க்கிற கிளினிக்குக்குக்கூடக் கொண்டுபோகாதே, கொண்டுபோனால் ஆண்டவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்றார். நானும் கிளினிக் கார்டை எடுத்துப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். அவர் சொன்னார் என்பது ஒரு பக்கம். பூட்டிய கை என்னுடையது.

என் கணவருக்கு அப்போது ஜெபத்தில் பெரிய நாட்டம் இல்லை. கோயிலுக்கு வந்தாலும் கடைசியில் நின்றுவிட்டுப் போகிற ஆள். அவருக்குத் தெரிந்தது தவறணைதான். கன்று சாய்ந்தால் பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டுவார், கன்று நிமிர்ந்துவிடும். பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்கிறார். ஒரு நாள் மூங்கிலைப் பிளந்து, நாலு பட்டையாக வழுவழுவென்று சீவிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குக் குத்தக் கூடாது என்று என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினார். அவ்வளவு பாசமாக ஒரு காரியத்தைத் தப்பாகச் செய்ய முடியும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

"எளசா இருக்கப்பவே கட்டுனா நிமிந்துரும் எஸ்தர். கன்னுக்குச் செய்யலையா?" என்றார்.

வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைமடுவத்திலிருந்து மகளைக் கூட்டி வந்ததும், சாயங்காலம் சோறு வேகிற வரைக்கும் கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து கட்டுவோம். தொடையிலிருந்து கணுக்கால் வரை, காலுக்கு இரண்டு பட்டை. அவள் துடிப்பாள். நான்தான் கைகளைப் பிடித்துக்கொள்வேன். அவள் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று நான் ஞானப்பாட்டுப் பாடுவேன். ஆண்டவரைப் பாடுகிற வாயால் பிள்ளையின் அழுகையை மூடினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இரண்டு வாரத்தில் அவள் ஒன்று கற்றுக்கொண்டாள். படியில் அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், காலை மடக்கி, அதன் மேல் உட்கார்ந்து, கவுனை இழுத்து மூடிக்கொள்வாள். அப்புறம் நடக்கவே மறுத்தாள். காலையில் பிள்ளைமடுவத்துக்கு நான் தூக்கிக்கொண்டு போனேன். முழங்கால் மோசமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இன்னும் இறுக்கிக் கட்டினோம்.

அந்தப் புதன்கிழமை காலையில் மழை. நான் நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனது கொதித்தது. பணிவான ஜெபம் எதுவும் என் வாயில் வரவில்லை. சண்டைதான் வந்தது.

"ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுத்தது என்னோட கை. மலை ஏறுனது என்னோட கால். தண்டிக்கணும்னா இங்க நிக்கிறேன், என்னைத் தண்டிங்க. மூனு வயசுப் புள்ளகிட்ட உங்களுக்கு என்ன வழக்கு? என் புள்ள காலை எனக்குத் திருப்பிக் குடுங்க. வழி தெரிஞ்ச ஒரு ஆளை அனுப்புங்க. இன்னைக்கே அனுப்புங்க."

சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். அடுத்த நிரையில் நின்றவள், நான் கங்காணியைத் திட்டுகிறேன் என்று நினைத்து, பேசாமல் இரு அக்கா, இன்றைக்குச் சம்பளத்துக்குப் பேர் போட மாட்டார் என்று அடக்கினாள்.

அன்றைக்குத் தோட்டத்து மிட்வைஃப் மிஸ் கீழ் டிவிசனுக்குப் போக வேண்டிய நாள். மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. திரும்பிப் போகாமல் எங்கள் டிவிசனுக்கு ஏறி வந்திருக்கிறார். புதிதாக மாறி வந்தவர், கொத்மலைப் பக்கத்துச் சிங்களப் பெண். வேலைக்கு வந்த பிறகு தமிழ் பழகிக்கொண்டவர். பிள்ளைமடுவத்து அம்மா, இந்தப் பிள்ளை நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஜெனிட்டாவைக் காட்டியிருக்கிறார்.

பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நான் பிள்ளைமடுவத்துக்குப் போனபோது, மிஸ் என் மகளை மடியில் வைத்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பிள்ளையைத் தொட உங்களை யார் கூப்பிட்டது என்று கத்தினேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஆளை அனுப்பு என்று ஆண்டவரோடு மல்லுக்கட்டியவள், அவர் அனுப்பிய ஆளையே விரட்டப் பார்த்தேன். மிஸ் பதிலுக்குக் கத்தவில்லை. மகளின் கவுனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

இடது காலில், கெண்டைக்குக் கீழே, பட்டை அழுத்திய இடம் சிவந்து வீங்கி, நடுவில் சீழ் வைத்திருந்தது. கட்டும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் பார்ப்பேன். காலையும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். தொட்டால் உடம்பு சுட்டது.

மிஸ் எங்களோடு வீட்டுக்கு வந்தார். பகல் சோற்றுக்கு வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மிஸ் அந்தப் பட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்:

"மூனு வயசுல, நாலு வயசுல நெறையப் பிள்ளைங்க முழங்கால் இப்படித்தான் ஒட்டும். வளர வளர, ஏழு வயசுக்குள்ள அதுவா நேரா வந்துரும். கட்ட வேணாம், இழுக்க வேணாம். ஒரு கால் மட்டும் வளைஞ்சா, வலிச்சா, நொண்டினா, ஏழு வயசுக்கு அப்புறமும் இருந்தா, டொக்டர்கிட்ட கொண்டு போகணும். இந்தப் பிள்ளை நடக்காதது முழங்காலால இல்ல அம்மா. இந்தப் புண்ணால."

என் கணவர் பட்டைகளை வாங்கி அடுப்பில் வைத்தார். நான் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்தேன். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மகள் என் மடியில் இருந்தாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

வார்டில் ஐந்து நாள் வைத்து மருந்து ஏற்றினார்கள். டொக்டர் இரண்டு காலையும் அளந்தார், உயரம், எடை பார்த்தார், மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். எலும்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். கார்டில் மாதக்கணக்காக எடை எழுதாமல் கிடந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் சீழ் எலும்புக்கே இறங்கியிருக்கும் என்று எங்களை ஏசினார். நன்றாகவே ஏசினார். அவருக்கு நான் நன்றி சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரத்தில் அவள் நடந்தாள். உடனே பாக்கியம் அக்கா வந்தார். எண்ணெய் பூசியதில் சுகமானது என்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னார். அப்போதும் முழங்கால் ஒட்டித்தான் இருந்தது, அவர் கண்ணுக்கு மட்டும் நேராகத் தெரிந்ததாம். நான் முடியாது என்றேன். ஆண்டவர் பேரில் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் சாட்சியே சொல்லவில்லை.

இன்றைக்கு ஏன் எழுந்து நிற்கிறேன் என்றால், போன வாரம் எங்கள் லயத்தில் ஒரு சின்னப் பெண், மூன்று வயசுப் பிள்ளையின் தாய், என் கணவரிடம் வந்து கேட்டாள்: "அண்ணே, எம்புள்ளைக்கும் முழங்கால் இடிக்குது. அந்த மூங்கில் பட்டை சீவித் தருவீங்களா?" எங்களுக்கு நடந்ததை வெட்கப்பட்டு நாங்கள் மூடி வைத்ததால், கட்டித்தான் சரியானது என்று லயம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. என் கணவர் அழுதுவிட்டார். அவளைக் கிளினிக்குக்கு நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

ஆகையால் தெளிவாகச் சொல்கிறேன். என் மகளின் முழங்கால் இப்போது கிட்டத்தட்ட நேராகிவிட்டது. அது நான் கேட்காமலே நடந்திருக்கும். பிள்ளைகள் வளர்கிற விதத்திலேயே ஆண்டவர் அதை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்கிறவள் பிள்ளைக்கும் சேர்த்து. நான் கேட்டது அவள் காலைத் திருப்பிக் கொடு என்று. அவர் ரோட்டை மூடி, ஒரு ஆளை எங்கள் வாசலுக்கு ஏற்றி, எங்கள் கையிலிருந்த கட்டைப் பிடுங்கினார். அவரை நம்புங்கள். பயமாக இருந்தால் அவரோடு சண்டை போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் அனுப்புகிறவர்களை விரட்டாதீர்கள். கிளினிக் கார்டைப் பூட்டி வைக்காதீர்கள். பிள்ளையின் உடம்பைக் காட்டி எந்தத் தாயையும் குற்றவாளி ஆக்காதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஜெனிட்டா நடந்தாள், ஓடினாள், அப்பாவோடு பேசவும் தொடங்கினாள். காலை மட்டும் அவரிடம் கொடுக்க மாட்டாள். அவர் வந்தால் மடக்கிக்கொள்வாள். அவர் பூட்ஸைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு சத்தமில்லாமல் ஏறி வருவார். இரண்டு வருஷமாக அப்படித்தான். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் இதற்காக மட்டும் அவர் வாய்விட்டு ஜெபித்தார்.

இந்த வருஷம் அவள் முதலாம் வகுப்புக்குப் போன நாள். வாசல் இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, காலில் புது வெள்ளை மேஜோடு போட்டிருந்தாள். நான் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தேன். "அப்பா, சப்பாத்து மாட்டி விடுங்க" என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு காலையும் அவருக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு, வாரை மாட்டத் தெரியாமல், வெகுநேரம் மாட்டினார்.

எங்கள் வீட்டில் முழங்கால் போடுவதில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.