கயிற்றுக்கு அடியில்

இன்று காலை ஆவடி ரயில் நிலைய வாசலில் ஒரு தள்ளுவண்டி. அரைஞாண் கயிறுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. புதுச் சாயத்தின் வாசனை. 8.10 வண்டியைப் பிடிக்க வேண்டியவள் நின்றுவிட்டேன். எனக்கு அந்த வாசனையோடு வார்டின் ஸ்பிரிட் நெடியும் சேர்ந்தேதான் வரும்.

பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அப்போது தொற்றுநோய்ப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. எதையும் நேரம் போட்டு எழுதுவேன். குடித்த தேநீருக்குக்கூட மணி, நிமிடம் உண்டு. காய்ச்சலோடு வந்த செல்வராசு, ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புக்காரர், முதல் நாளே கேலி செய்தார்.

"டாக்டரம்மா, நான் தும்முனதயும் எழுதிக்கினீங்களா?"

எழுதியிருந்தேன்.

மூன்றாம் நாள் கேலி நின்றது. மூச்சு வாங்கியது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. குடியிருப்புக்குப் பின்னால் புதர் வெட்டினார் என்று அவர் மனைவி சொன்னதும் என் குறிப்பில் இருந்தது, நேரத்தோடு. உண்ணிக் காய்ச்சலை நினைக்காமல் இல்லை. புதரில் இருக்கும் அந்தப் பூச்சி கடித்த இடத்தில் பீடிச் சூடு பட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது. தேடினேன். காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு. 'உடல் முழுவதும் பார்த்தேன். பொருக்கு இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அந்த வரியை நம்பி, உண்ணிக் காய்ச்சலுக்குரிய மருந்தைத் தொடங்கவில்லை.

மறுநாள் பதினொன்றே காலுக்குச் செயற்கை சுவாசத்துக்கு மாற்றத் தயாரானோம். உடம்பைத் துடைக்க இடைஞ்சல் என்று ஒரு செவிலியர் கத்தரிக்கோலோடு இடுப்புக் கயிற்றை நெருங்க, மனைவி பாய்ந்து கையைப் பிடித்தார்.

"அத மட்டும் அறுக்காதீங்க. பொணத்துக்குத்தான் அறுப்பாங்க. அவரு இன்னும் உயிரோடதான இருக்காரு?"

வார்டு ஆயா கஸ்தூரி ஈரத் துணியோடு முன்னால் வந்தார்.

"யாரு அறுக்கப் போறா? கயித்த மேல ஏத்திவுட்டு தொடைக்கிறேன். நீ கம்முனு இரு தாயி."

அழுக்கேறி இறுகிய கயிற்றை விரலால் நெம்பி நகர்த்தினார். குனிந்தார்.

"டாக்டரம்மா, இன்னாது இது? சூடு பட்டா மாரி கீது?"

மிளகை விடச் சற்றுப் பெரியது. கயிற்றின் கறுப்போடு கறுப்பாக. நானும் அந்த இடுப்பைப் பார்த்தவள்தான். கயிற்றைத் தொடுவது மரியாதையில்லை என்று கை தானாக அதைத் தாண்டிப் போயிருந்தது. மருந்தை 11.32க்கு ஏற்றினோம். அதன்பின் இரண்டு நாள் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே வார்டைச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. செயற்கை சுவாசக் குழாயை எடுத்ததும் செல்வராசின் கை முதலில் இடுப்பைத்தான் தடவியது. கயிறு இருந்தது.

அன்று கேஸ் ஷீட்டில் 'முழுவதும்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.

இப்போது அம்பத்தூர் கம்பெனிகளிலிருந்து காய்ச்சலோடு வரும் பிள்ளைகளிடம் "இடுப்புல கயிறு இருக்காப்பா?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தப் புதரும் இல்லை. பழைய கேஸ் ஷீட்டுகளைப் போன மாதம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்; என் சிவப்புக் கோடும் அதில் போயிற்று. கணினியில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும், 'உடல் முழுவதும் பரிசோதிக்கப்பட்டது' என்று அதுவே எழுதிக்கொள்கிறது. நோயாளி இன்னும் சட்டையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.