ஆல்டர்னேட்டர் கேட்ட வேண்டுதல்

அன்று அந்த சர்வீஸ் சென்டரின் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, வாரண்டி கவுண்டரில் இருந்த பெண், காக்கிச் சட்டை போட்ட மெக்கானிக், தன் காரின் ஸ்டியரிங்கை இலவசமாக மாற்றி வாங்கிக்கொண்டு, கம்பெனிச் செலவில் டீயும் குடித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர், அப்புறம் மெக்கானிக்கின் உள்ளங்கையில் என் பிள்ளையார். சுண்டுவிரல் உயரம் இருப்பார். பின்னால் வால் மாதிரி ஒரு சிவப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளையாரைக் கடைசியில் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் வந்ததே கடைசியில்தான். அவர் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவன். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் தேங்காய்க் கடை. அந்தக் கோயிலில் என் கடைத் தேங்காய் உடையாத நாள் கிடையாது. ஊரில் யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் ஒரு தேங்காய். இதைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கார் என்றால் பயம் வந்துவிட்டது. இவ்வளவு உடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டிய சாமான் என்றால் அது எப்படிப்பட்ட சாமானாக இருக்கும்?

பயம் எனக்குப் புதிதல்ல. கேஸை மூடினேனா என்று பார்க்க, கரமனை வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தவன் நான். கடையின் ஓட்டுக்கூரை மேல் இரண்டு காக்கை சேர்ந்து உட்கார்ந்தால் கீழே நிற்க மாட்டேன். அப்படிப்பட்டவன் கார் வாங்கியது மனைவியால். இந்த ஊர் மழையில் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கல்யாண வீடுகளுக்குப் போய் இறங்கும்போதெல்லாம் பட்டுச்சேலையைப் பிழிந்துகொண்டே நிற்க அவளால் முடியவில்லை. செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆகி எல்லாரும் கையில் ஒன்று வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்த சமயம் அது. ஒரு சின்ன வெள்ளைக் கார், தவணையில்.

விற்பனைக்கு நின்ற பையன் நல்ல பையன். டை கட்டியிருந்தான். நான் பயப்படக்கூடிய எல்லாவற்றையும் எனக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருந்தான்.

“சேட்டா, ரெண்டு வருஷம் கம்பெனி பார்த்துக்கும். அது கழிஞ்ஞா?”

“கழிஞ்ஞா?” என்று நானும் கேட்டேன்.

“கியர்பாக்ஸ் போனா? ஆல்டர்னேட்டர் போனா? ஸ்டார்ட்டர் மோட்டார் போனா? எல்லாம் சேட்டன்டெ தலையில அல்லே வரும்?”

ஆல்டர்னேட்டர் என்றால் பேட்டரிக்குக் கரண்டு ஏற்றுகிற சாமான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்று என் தலையில் விழப்போகிறது என்பது மட்டும் புரிந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஏழாயிரத்து இருநூறு ரூபாய். என் கையில் அவ்வளவு இல்லை. மனைவியின் கைப்பையில் இருந்தது. வளையல் வாங்கவென்று அவள் சீட்டுப் போட்டு எடுத்து, காரோடு வளையலும் அதே நாளில் வாங்கிவிடலாம் என்று கொண்டுவந்திருந்த பணம்.

அவள் தம்பி எங்களோடு வந்திருந்தான். வங்கியில் குமாஸ்தா. அந்தப் பையனின் காது கேட்கவே சொன்னான்: “அத்தான், வேண்டாம். இவன் சொல்லுத சாமானெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு அசையாது. கெட்டுப்போறது பூரா இதுல இருக்காது.”

“கெட்டுப் போச்சுன்னா நீ தருவியா மாப்பிள?”

“நான் எதுக்குத் தரணும்?”

“அப்ப சும்மா இரி.”

மனைவி கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்தாள். கொடுக்காமல் பிடித்துக்கொண்டே பேசினாள். “ஒண்ணு சொல்லுகேன், கேட்டுக்கிடுங்க. இந்த வாரண்டி ஒரே ஒரு தடவை காசு தந்தாப் போதும். நான் வாயத் திறக்க மாட்டேன். நாலு வருஷம் முடியும்போது ஒத்தப் பைசா தரலன்னா, இந்த ரூவா முழுசும் என் கையில வரணும். வளையல் வாங்கணும்.”

பக்கத்தில் டை கட்டிய பையன் சாட்சியாகச் சிரித்தான்.

கம்பெனி பார்த்துக்கொள்கிற முதல் இரண்டு வருடமும் கார் ஒரு தும்மல் போடவில்லை. அந்தக் காலக்கெடு முடிந்த நாளில் எனக்குப் பகீரென்றது. கம்பெனி விட்டுவிட்டது, இனி கடவுள்தான் என்று காரைக் கழுவி, மாலை போட்டு, திரும்பவும் பழவங்காடிக்குக் கொண்டுபோனேன். சொந்தக் காருக்கு உடைப்பது சாதாரணத் தேங்காயாக இருக்கலாமா? கடை முழுவதும் தட்டித் தட்டிப் பார்த்து, இருப்பதிலேயே கட்டியான ஓடு உள்ளதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். காருக்கு முன்னால் நின்று என் கையாலேயே ஓங்கித் தரையில் அடித்தேன். அருமையாக உடைந்தது. ஒரு சில்லு பறந்துபோய் இடதுபக்க ஹெட்லைட்டில் பட்டது. அதுவும் அருமையாக உடைந்தது.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வாரண்டி கவுண்டருக்குப் போனேன். வெளியிலிருந்து ஏதாவது வந்து பட்டால் அது வாரண்டி இல்லையாம், இன்சூரன்ஸாம். இன்சூரன்ஸில் கேட்டால் அடுத்த வருடம் தள்ளுபடி போய்விடும், கேட்காதே என்றான் மைத்துனன். கையிலிருந்து கொடுத்தேன்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்றுதான் பிள்ளையாரைக் காருக்குள்ளேயே உட்கார வைத்தேன். சாலைக் கடைத்தெருவில் ஆட்டோக்களுக்கெல்லாம் சாமி விளக்கு போட்டுக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். டாஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டி, சுற்றிலும் சிவப்பு பல்பு வைத்து, உள்ளே எங்கேயோ கையை விட்டு ஒரு வயரை இழுத்து இணைத்தார். பிரேக் பிடித்தால் பல்பெல்லாம் மின்னும். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தேவையில்லாமலே பிரேக் பிடிப்பேன்.

அதற்குப் பிறகும் செலவு வந்துகொண்டேதான் இருந்தது. காரை நிறுத்தியது தேங்காய் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் பக்கத்தில். கொப்பரை தின்று கொழுத்த எலிகளுக்கு வாய்க்கு மாற்றம் வேண்டியிருந்தது போல. கண்ணாடி கழுவத் தண்ணீர் போகும் ரப்பர் குழாயைக் கடித்துவிட்டன. எலி வாரண்டியில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் காரை வாங்கிக்கொண்டு விழிஞ்ஞம் போய், படகிலிருந்து இறங்கின சூரை மீனை மலிவாகக் கிடைத்தது என்று பின்னால் போட்டுக்கொண்டு வந்தான். மீனின் தண்ணீர் சீட்டுக்கு அடியில் இறங்கிவிட்டது. ஏசியைப் போட்டால் விழிஞ்ஞம் கடற்கரையே மூக்கில் வந்து அடிக்கும். கோயிலுக்குப் போகிற கார்! கவுண்டர் பெண்ணிடம் நான் நிஜமாகவே கேட்டேன், நாற்றம் கவர் ஆகுமா என்று. அவள் குனிந்துகொண்டு மேசைக்கு அடியில் எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

“இல்ல சேட்டா. நாற்றம் கவர் ஆகில்ல கேட்டோ.”

டயர், பேட்டரி, வைப்பர், பிரேக் கட்டை, எதற்குப் போனாலும் அதே “கேட்டோ”. மைத்துனன் சொன்னது சரிதான். கெட்டதெல்லாம் அதில் இல்லை. அதில் இருந்ததெல்லாம் கல் மாதிரி இருந்தது.

நாலாவது வருடம் பாதி தாண்டியதும் என் பயம் திசை மாறிவிட்டது. கார் கெட்டுவிடுமோ என்று மூன்று வருடம் தூங்காதவன், கெடாமலே போய்விடுமோ என்று தூங்காமல் கிடந்தேன். காலையில் சாவியைத் திருப்பும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். கணகணவென்று ஸ்டார்ட் ஆகும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். மனைவி சோறு போடும்போது வெறும் மணிக்கட்டை ஒரு தரம் தடவிக்கொள்வாள், அவ்வளவுதான்.

வாரண்டியில் உள்ள சாமான்களின் பெயரை மைத்துனனைச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். பழவங்காடியில் கண்ணை மூடி நின்றேன். விக்கினம் தீர்க்கச் சொல்லி எல்லாரும் கும்பிடுகிற இடத்தில், நான் ஒரே ஒரு விக்கினம் கேட்டேன். ஆளுக்குச் சேதம் வரக் கூடாது. கியர்பாக்ஸ் வேண்டாம், அது பெரிய வேலை, பிரித்தால் திரும்பச் சரியாக மாட்டுவார்களோ என்னவோ. ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் நடுவழியில் தள்ள வேண்டி வரும், எனக்கு முதுகுவலி. “ஆல்டர்னேட்டர் போதும் சாமி. ஏழு தேங்காய் உடைக்கிறேன்.”

அவர் கேட்டுவிட்டார்.

வாரண்டி முடிய மூன்று வாரம் இருந்தது. ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தேங்காய் கொடுத்த பாக்கியை வாங்கிக்கொண்டு, மனைவியோடு குளத்தங்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். முதலில் பாட்டு நின்றது. பிறகு ஏசி. பிறகு காரே இரண்டு தடவை குலுங்கிவிட்டு நின்றுபோனது. மீட்டர் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்கூட்டரில் வந்து எட்டிப் பார்த்தான்.

“பேட்டரி லைட் எரிஞ்சிருக்கு. பேட்டரி புதுசுதானே. ஆல்டர்னேட்டர் போச்சு அத்தான்.”

“திரும்பச் சொல்லு.”

“ஆல்டர்னேட்டர்.”

அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். குளத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “என்னடி இது, கார் நின்னு போனதுக்கா இந்த மனுஷன் இப்படிக் குதிக்கறார்?” என்று என் மனைவியிடம் கேட்டாள்.

“வேண்டிக்கிட்டு வந்தது மாமி,” என்றாள் அவள்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஆட்டோ பிடித்துப் பழவங்காடிக்குப் போய் ஏழு தேங்காய் உடைத்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஹெட்லைட் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான்.

இப்போது அந்த முன்னறைக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலை மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். கவுண்டர் பெண் என்னைப் பார்த்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று. நான் நெஞ்சை நிமிர்த்தி, “ஆல்டர்னேட்டர்,” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. “அது கவர் ஆகும் சேட்டா!” எனக்காகவே சந்தோஷப்பட்டாள், பாவம். கண்ணாடிக்காரர் கூட டீயை உயர்த்திக் காட்டினார். மனைவி மணிக்கட்டைத் தடவுவதை நிறுத்திவிட்டுக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து மெக்கானிக் வந்தார். உள்ளங்கையில் பிள்ளையார். சிவப்பு வயர்.

“இது ஆரு வெச்சது?”

“நான்தான். ஏன், அவருக்கு என்ன?”

“வெளிய ஆள வெச்சு வயர்ல கை வெச்சிருக்கு. வெட்டி ஒட்டிச்சிருக்கு. இப்படிச் செஞ்சா எலக்ட்ரிக்கல் சைடு ஒண்ணுக்கும் வாரண்டி இல்ல.”

“நாலு பல்புங்க. பிள்ளையார் எவ்வளவு கரண்டு குடிச்சிருப்பார்?”

“எனக்கு மனசிலாகும் அண்ணாச்சி. கம்பெனிக்கு மனசிலாகணுமே.”

கவுண்டர் பெண் எழுந்து நின்று பிள்ளையாரை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேசை மேல் காகிதம் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவரைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தாள். பிறகு உட்கார்ந்து பேனாவை எடுத்து, கவர் ஆகாது என்று எழுதினாள்.

மைத்துனன் என் காதில் குனிந்தான். “அத்தான், இப்ப பேசாம வண்டிய எடுத்துட்டுப் போவோம். வயரச் சரியாக்கி, பிள்ளையாரு இல்லாம அடுத்த வாரம் வேற சென்டர்ல காட்டுவோம்.”

“அவரு இங்க கேட்டுட்டு உக்காந்திருக்காரு மாப்பிள.”

கண்ணாடிக்காரரைப் பார்த்துக் கேட்டேன், அவர் காரில் சாமி ஏதாவது உண்டா என்று. அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, “இல்ல. ஒரு டிஷ்யூ டப்பா மாத்திரம்,” என்றார். வாரண்டியால் பிரயோஜனம் உண்டா என்று பின்னாட்களில் என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது இதுதான்: உண்டு. டிஷ்யூ டப்பா வைத்திருப்பவருக்கு ஸ்டியரிங்கே கிடைக்கிறது, டீயோடு.

ஆல்டர்னேட்டருக்கான காசைக் கடையிலிருந்து எடுத்துக் கட்டினேன். திரும்பும்போது பிள்ளையார் மனைவியின் மடியில் இருந்தார். பழவங்காடி சிக்னலில் நிற்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. அவரைப் பார்த்து, “ஏழு தேங்காய் உடைச்சேனே,” என்றேன்.

“அவர எதுக்குக் கொறை சொல்லுதீங்க?” என்றாள் மனைவி. “நீங்க என்ன கேட்டீங்க? ஆல்டர்னேட்டர் போகணும்னு கேட்டீங்க. போச்சு. அவங்க காசு தரணும்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் நான் அதைக் கேட்கவே இல்லை.

“அப்ப அவரு கணக்கு சரியாப் போச்சு,” என்றாள். “இனி நம்ம கணக்கு.”

மாதம் இருநூறு என்று முடிவானது. அதிலும் சில மாதம் டயர் வந்தது, சில மாதம் எலி வந்தது. பிறகு காரை பாலராமபுரத்துக்காரர் ஒருவருக்கு விற்றபோது வந்த காசைத் தவணை பாக்கி விழுங்கிவிட்டது. பிள்ளையார் மட்டும் எங்களோடு இருக்கிறார், கடைக் கல்லாப்பெட்டி மேல். பல்பு இப்போதும் மின்னுகிறது. தங்கம் ஏறிய ஏற்றத்துக்குக் கணக்குப் பார்க்காமல் அன்றைய ரூபாயிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று மனைவி சொல்லியிருப்பது பெரிய மனசு. அந்தக் கணக்கில் நான் அவளுக்கு இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.