ஆற்றில் இறக்கிய பட்டறைக்கல்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவரோடு சேர்ந்து சம்மட்டி பிடித்தவர்களுக்கும் இந்தச் சிறு மலரைக் கொடுத்து வணங்குகிறேன். நான் அவருடைய ஒரே தங்கை. மதினியின் தம்பி வேலை பார்க்கும் அச்சுக்கூடத்தில் மீந்துபோன தாளில் இது அச்சாகியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தாளின் நிறம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழையதாகப் பார்த்து வாங்கியே வாழ்ந்தவருக்குப் புதுத்தாளில் மலர் போட்டால் அவருக்கே பிடிக்காது.

துக்கம் கேட்க வந்த எல்லோரும் "தங்கமான மனுசன்" என்றீர்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தங்கமான மனுசன் எதற்கு ஆசைப்பட்டார், அது எப்படி மண்ணாகப் போனது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் பூசி மெழுகி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊரில். அப்பாவுக்கு அங்கே கொல்லுப்பட்டறை இருந்தது. அண்ணனுக்கு மீசை அரும்புவதற்கு முன்பே அப்பா காலமானார். பட்டறைச் சாமான்கள் பெரியப்பா வீட்டுக்குப் போயின. பங்கு கேட்க நியாயம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அடுத்து மழையும் பொய்த்தது. கலப்பைக்குக் கொழு அடிக்க ஒரு சம்சாரிகூட வரவில்லை. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் மதுரைக்கு வந்து, ஆரப்பாளையத்தில் ஒண்டுக் குடித்தனம் பிடித்தார். ஊருக்குள் பெரிய பட்டறை ஒன்றில் கூலிக்குச் சம்மட்டி அடிக்கப் போனார்.

"கரிப்புகைக்குள்ள குடும்பமே எதுக்கு வேகணும்? நீ போய்ப் படி ஆத்தா" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர்தான். இன்று நான் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால் அது அவர் போட்ட சோறு. அம்மாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்தார். மதினியைக் கைப்பிடித்தார். பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசுவதில்லை, நானும் இங்கே பேசவில்லை.

அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசை. அடுத்தவன் பட்டறையில் அடித்தது போதும், தன் உலையில், தன் பட்டறைக்கல்லில் ஒரு நாளாவது அடிக்க வேண்டும். பட்டறைக்கல் என்பது பெயருக்குத்தான் கல். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டை அது. அது இல்லாமல் மற்ற எல்லாம் இருந்தும் பட்டறை இல்லை.

எங்கள் ஆட்கள் அமாவாசைக்கு உலை மூட்ட மாட்டார்கள். ஊரே அன்றைக்குக் கோயிலுக்குப் போகும், அண்ணன் காயலான் கடைக்குப் போவார். தெற்குவாசல் பக்கம் பாய் ஒருவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அண்ணன் அந்தக் குவியலில் இறங்கினால் சாப்பாடு மறந்துவிடும். உடைந்த வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா மண்வெட்டிக்கு ஆகும், பழைய பஸ்ஸின் வில்பட்டை அரிவாளுக்கு ஆகும் என்று பொறுக்கிப் பொறுக்கி வைப்பார். தோல் கிழிந்த துருத்தி ஒன்று வந்தது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டார். வாய் கோணிய குறடு வந்தது. தட்டி நிமிர்த்தினார். "வீடா இது, குப்பைமேடா?" என்று மதினி கத்துவார். அண்ணன் சிரிப்பார். நான்கூட ஒருமுறை அந்தக் குறட்டில் கால் இடறி விழுந்து, ஏசாத ஏச்சு ஏசினேன். அதற்கும் அதே சிரிப்புதான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய சுத்தியல் வாங்கினால் கடையிலேயே பிடியைக் கழற்றிப் பாயிடம் கொடுத்துவிடுவார். தலையை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டு வருவார். வீட்டில் புதுக் கம்பு சீவித் தன் கைக்கு ஏற்ற பிடி போடுவார். "இரும்பு எவனுதா வேணா இருக்கட்டும். பிடி நம்ம கையிதா இருக்கணும்" என்பார்.

எல்லாம் சேர்ந்தது. பட்டறைக்கல் மட்டும் கிடைக்கவில்லை. சண்டைக் காலம் வந்து இரும்பு யானை விலை ஆயிற்று. உடைந்த ஆணியைக்கூடச் சும்மா விட ஆளில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அமாவாசைக்குப் பாய் ஆள் விட்டுக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு கடையில் எனக்குச் சேலை எடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போயிருந்தேன்.

சாக்கை விலக்கினால், ஒரு பக்கம் கொம்பு நீட்டிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் கறுகறுவென்று ஒரு சீமைப் பட்டறைக்கல்.

"கப்பல்ல வந்த சரக்கு ஆசாரி. ஒங்களுக்குன்னே எடுத்து வச்சேன்" என்றார் பாய்.

"கப்பல்ல வந்தா என்ன, கட்டவண்டியில வந்தா என்ன பாய்? தட்டிப் பாத்துருவோம்."

பழைய இரும்பைத் தட்டிப் பார்த்து வாங்குவதுதான் எங்கள் ஆட்களின் முறை. உள்ளே கீறல் இருந்தால் சத்தம் மொத்தென்று இருக்கும், நல்ல இரும்பு கணீரென்று பாடும். தட்டிப் பார்த்து வாங்கிய பொருளைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். அண்ணன் காதை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். கோயில் மணி மாதிரி ஒலித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பாய் சொன்ன விலை, அந்தக் காலத்துக்குக் கொள்ளை மலிவு. மலிவு என்றதும் நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டாமா? எங்கள் இருவருக்குமே இல்லை.

கூலி வேலையை விட்டார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டார். நீங்களெல்லாம் வந்தீர்கள், தேங்காய் உடைத்தோம், எலுமிச்சை நறுக்கினோம். எதிர்வீட்டு வண்டிக்கார மாமா முதல் வேலையாகத் தன் வண்டிக்குக் கடையாணி அடிக்கச் சொன்னார். அண்ணன் ஓங்கி அடித்தார். அடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கல்லின் முகத்தில் சம்மட்டி பதிந்த பள்ளம் கிடந்தது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. நம்மூர்க் கல் முழுக்க ஒரே இரும்பு. அதற்குச் சத்தம் ஒன்றே போதும். சீமைக் கல்லுக்கு மேல்முகத்தில் மட்டும், காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கெட்டியாக்கி உரமேற்றிய எஃகுத் தகடு ஒட்டியிருக்கும். எங்கோ தீப்பற்றி எரிந்த கொட்டகைக்குள் கிடந்து அதன் உரம் இறங்கிப்போயிருந்தது. உரம் போனாலும் சத்தம் போகாதாம். சின்னச் சுத்தியலை மேலே விழவிட்டு, அது துள்ளுகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நம் ஆட்களில் அப்படிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கு வந்தது?

பாய் கேள்விப்பட்டு ஓடி வந்தார். "தீயில கெடந்துச்சுன்னு எனக்கும் எவனும் சொல்லல ஆசாரி. அல்லா அறிய எனக்குத் தெரியாது. எடுத்துக்கிறேன், குடுத்துருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டிப் பாத்து வாங்குனவன் நானு. ஒங்க மேல என்ன பாய் தப்பு?" என்றார் அண்ணன். கொடுக்கவில்லை. "ஒங்க மொறையும் மண்ணாங்கட்டியும்! குடுத்துத் தொலைங்கண்ணே" என்று பாய் முன்னாலேயே கத்தினேன். அண்ணன் காதில் வாங்கவில்லை.

அந்தக் கல்லிலேயே அடித்தார். அடிக்க அடிக்கக் குழி விழுந்தது. குழி விழுந்த கல்லில் அடித்த பொருளும் குழியாகத்தானே வரும்? "என்ன ஆசாரி, அருவாளுக்கு அம்மை போட்டிருக்கு?" என்று சம்சாரிகள் கேலி செய்தார்கள். ஒருமுறை வந்தவர் மறுமுறை வரவில்லை. மாட்டுத்தாவணியில் சந்தை கூடியபோது மாடுகளுக்கு லாடம் அடிக்கப் போனார். அங்கே ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

பழைய பட்டறையில் வயதான ஆசாரி ஒருவர் ஒரு வழி சொன்னார். கல்லை முழுசாகப் பழுக்கக் காய்ச்சி ஓடுகிற தண்ணீரில் இறக்கினால் உரம் திரும்பலாம், தொட்டித் தண்ணீர் பத்தாது என்றார். வைகையில் அப்போது மணல்தான் ஓடியது. அண்ணன் ஆற்றில் தண்ணீருக்காகக் காத்திருந்தார். தினமும் விடிந்ததும் கரைக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வருவார். பார்க்கச் சகிக்காது.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. கரையில் குழி வெட்டி, கரியும் பனங்கட்டையும் அடுக்கி, இரண்டு துருத்தி வைத்துக் காலையிலிருந்து ஊதினார்கள். உதவிக்கு வந்தவர்களுக்கு மதினி சோறாக்கிக் கூடையில் வைத்துக்கொண்டு ஆலமர நிழலில் இருந்தார். உச்சிப்பொழுதில் கல் செவசெவ என்று பழுத்தது. சங்கிலி மாட்டி, வண்டிக்கார மாமா காளைகளை ஓட்டினார். கல் தண்ணீருக்குள் இறங்கியது. ஆவி எழும்பி ஆளை ஆள் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து படீரென்று ஒரு சத்தம்.

அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஆறும்வரை நின்று, கல்லின் முகத்தைத் தடவிப் பார்த்தார். மேல்தகடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெடித்திருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கரையேறி வந்து, "வாங்கப்பா, எல்லாரும் சாப்புடுங்க. சோறு ஆறுது" என்றார். எல்லோருக்கும் அவரே இலை போட்டார். அவர் மட்டும் சாப்பிடவில்லை.

அன்றைக்கே மேற்கே மழை பெய்து வெள்ளம் கூடிவிட்டது. மறுநாள் கல்லை எடுக்கப் போனால் மணல் மூடியிருந்தது. "கெடக்கட்டும்" என்றார்.

பழைய பட்டறைக்கே கூலிக்குப் போனார். "மொதலாளி வந்துட்டாருடா, வழி விடுங்க!" என்று கிண்டல் செய்தவர்களும் இந்த மலரை இன்று வாங்கியிருக்கிறீர்கள். அண்ணன் உங்கள் பெயரை வீட்டில் சொன்னதில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

அதன் பிறகு இருமல் பிடித்தது. வைத்தியம் பார்த்தோம், கேட்கவில்லை. கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "ஆத்தா, ஆத்துல தண்ணி வத்திருச்சா?" என்றார்.

"வத்திருச்சுண்ணே."

"அப்ப ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாயேன். கொம்பாவது வெளிய தெரியும்."

போனேன். கரையோரமெல்லாம் நடந்து பார்த்தேன். திரும்பி வந்து, "ஒன்னுங் காணோம்ணே, மணலுதான்" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மறுபடி அதைக் கேட்கவில்லை.

தத்தனேரிச் சுடுகாட்டுக்குத் தூக்கும்போது, அவருடைய சுத்தியல்களையும் உடன் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மதினிதான் தடுத்தார். "இரும்பு வேண்டாம். அது அவுகளுது இல்ல. பிடியக் கழத்திக் குடுங்க, அதுதான் அவுகளுது" என்றார். ஒவ்வொரு பிடியாகக் கழற்றினோம். அவர் கை பட்டு வழவழவென்று இருந்த அந்தக் கம்புகள் அவரோடு எரிந்தன. இரும்பெல்லாம் வந்த வழியே பாய் கடைக்குப் போனது.

நோயில் உடனிருந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், காளை பூட்டிய வண்டிக்கார மாமாவுக்கும், துருத்தி ஊதியவர்களுக்கும், மதினிக்கு மாதாமாதம் அரிசி அனுப்பிவிட்டுப் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தச் சுத்தியல் தலைகளை வாங்கியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் கைக்குப் பிடி போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள்.

ஆரப்பாளையத்துக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோடையில் குடிதண்ணீருக்கு வைகையில் ஊற்றுத் தோண்டும்போது மண்வெட்டி இரும்பில் மோதினால், அது எங்கள் அண்ணனுடைய பட்டறைக்கல். ஒருமுறை தட்டிப் பாருங்கள். மொத்தென்றுதான் சத்தம் வரும். அண்ணன் அன்றைக்குக் கடையில் கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது.