சத்தமில்லாமல் பிளந்த பாறை

மயிலாடும்பாறையில் நாங்கள் வீடு கட்ட, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது, மூன்றடி ஆழத்தில் ஜேசிபியின் பல் பாறையில் மோதி நின்றது. மண்ணை விலக்க விலக்கப் பாறை நீண்டுகொண்டே போனது. கடைசியில் பார்த்தால், ஒரு மினி பஸ்ஸைக் குப்புறக் கவிழ்த்துப் புதைத்த மாதிரி கிடந்தது.

"வெடி வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார் என் கணவர்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பதாவது மாதம். அவர்கள் வீட்டுச் சுவர் எங்கள் குழியிலிருந்து பத்தடிதான். "வெடி மட்டும் வேணாம்" என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் கொத்தனார்தான் ஆண்டிபட்டிப் பக்கம் கல் உடைக்கும் தம்பதியைப் பற்றிச் சொன்னார். "வெடியே இல்லாம பொளந்துருவாக" என்றார். நான் நம்பவில்லை.

மறுநாள் கம்ப்ரசர் டிராக்டரோடு வந்தார்கள். அந்தத் தம்பதியில் கணவர் டிரில்லரைப் பிடித்தார். ஆனால் எங்கே துளை போட வேண்டும் என்று சொன்னது அந்த அம்மாதான். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுத்தியலால் பாறையைத் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேல் சாண் இடைவெளியில் வரிசையாகத் துளைகள். சாயங்காலம் சாம்பல் நிறப் பொடியைத் தண்ணீரில் குழைத்து அவற்றில் ஊற்றினார்கள்.

"குனிஞ்சு பாக்காதீக ஆத்தா. பீச்சியடிச்சா கண்ணு போயிரும். நாளைக்கி மத்தியானம் பாருங்க" என்றார் அந்த அம்மா.

"வெறும் மாவு மாதிரி இருக்கு. இதா கல்லப் பொளக்கும்?"

"அது தொளைக்குள்ள ஊதிப் பெருசாகும். கல்லுக்கு வழிவிடுறதத் தவிர வேற வழி இல்ல" என்று சிரித்தார்.

மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் குழியோரம் நின்றேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. புளியம்பழ ஓடு நொறுங்குவது போல 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முடி அளவு கோடு ஒன்று ஒரு துளையிலிருந்து கிளம்பி அடுத்ததைத் தொட்டு, அங்கிருந்து அதற்கடுத்ததை நோக்கி என் கண்முன்னாலேயே ஓடியது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் கோடு கை நுழையும் அகலமாகிவிட்டது. அந்தத் தம்பதியும் கொத்தனாரும் சேர்ந்து கடப்பாரையால் நெம்பியதும் பாறை இரண்டாக விலகியது. உள்ளே கருநீலம். அதில் மாதுளை முத்துகளை அழுத்திப் பதித்தது போலச் சிவப்புப் புள்ளிகள், வெயில் பட்டதும் மின்னின. நான் கையை வைத்துப் பார்த்தேன். பாறை இளஞ்சூடாக இருந்தது.

"நேத்து ஊத்துன மருந்தோட சூடு" என்றார் அந்த அம்மா. பிறகு அவரும் என் பக்கத்தில் கையை வைத்தார். "எத்தனையோ பாற பொளந்துட்டேன். தொறக்குறப்பல்லாம் நெஞ்சு அடிச்சுக்கிடும். இதுக்கு முன்னாடி இந்த எடத்த ஒரு சூரியனும் பாத்ததில்லைல்ல ஆத்தா?"

நான் தலையாட்டினேன். என் கணவரும் குழிக்குள் இறங்கி வந்து வெகுநேரம் அந்தச் சிவப்பைத் தடவிக்கொண்டே நின்றார்.

அடுத்த வாரம் அந்தப் பாறையையே சிறு கற்களாக உடைத்து அடுக்கி அஸ்திவாரம் எழுப்பினோம். சிவப்புப் புள்ளிகள் தெரியும் முகத்தை மேலே வைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"மண்ணுக்குள்ள போறதுக்கு எந்த மொகமா இருந்தா என்னங்க?" என்றார் கொத்தனார். ஆனாலும் நான் கேட்டபடியே வைத்தார்.