நிலைக்காலில் ஒரு சாய்ந்த பள்ளம்

எங்கள் நகரசபையின் கலாசார அதிகாரி பொய் எழுதியிருக்கிறார். பெரிய தெருவின் பழைய கடை வாசலில் காப்பாற்ற ஒன்றும் இல்லையாம். அந்த வாசலைச் சுரண்டியவள் நான். என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நான் பெயின்ற் அடிக்கிறவள். எங்கள் தமிழ் ஆட்களில் சிலர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். நான் தாழ்த்துவதில்லை. இங்கே டென்மார்க்கில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிச் செய்கிற தொழில் இது. அந்தக் கடையைச் சுற்றுலா நிலையமாக மாற்றுகிறார்கள். பெயின்ற் வேலை எங்கள் கம்பனிக்குக் கிடைத்தது.

வாசல் நிலையில் பூச்சுக்கு மேல் பூச்சு. சூடு காட்டிச் சுரண்டினேன். பச்சை போனது, சாம்பல் போனது, மண்ணிறம் போனது. வலப்பக்க நிலைக்காலில், என் தோள் உயரத்தில், விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம். மேலும் கீழும் ஒவ்வோர் ஆணித்துளை.

என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அண்ணை வந்து பார்த்தார். பள்ளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சந்தனம் வைக்கிற இடம் மாதிரிக் கிடக்கு, தங்கச்சி. முந்தி எங்கட ஆக்கள் ஆரும் இருந்திருப்பினமோ?"

"முந்தியோ? இந்த ஊருக்கு நீங்கள்தான் முதல் தமிழன் எண்டு கோயிலில எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறியள். இது யூத ஆக்களின்ர அண்ணை."

வேத வரிகள் எழுதிய தோல் சுருளைச் சிறு கூட்டில் வைத்து அவர்கள் வாசலில் சாய்வாகப் பதிப்பார்கள். ஜெர்மனியில் என் அக்கா இருக்கும் ஊரில், ஒரு துணிக்கடையின் கல்வாசலில் இதே பள்ளத்தைக் கண்டிருக்கிறேன். அதைக் கண்ணாடியால் மூடி விளக்கம் எழுதியிருந்தார்கள். போர்க்காலத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள் நடைபாதையில் பித்தளையில் பதிந்திருந்தன.

"சரி தங்கச்சி, அடைச்சுப்போட்டு வாரும். ஓட்டையைக் கண்டா அடைக்கிறதுதானே எங்கட தொழில்."

"நான் அடைக்கமாட்டன்."

"முதலாளி கத்துவான்."

"கத்தட்டும். அவனுக்கு வேற என்ன வேலை?"

மதிய இடைவேளையில், பெயின்ற் படிந்த உடுப்போடு ஊர்ச் சுவடிக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஒரு பழைய படத்தை எடுத்துத் தந்தார். அதே கதவு. மேலே ஒரு யூதத் துணி வியாபாரியின் பெயர்ப்பலகை. பின் தெருவில் அவர்களுக்கு ஒரு வழிபாட்டு அறையும் இருந்ததாம். படத்தின் பிரதியை அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "இது ஜெர்மனி இல்லை. இந்த ஊரிலிருந்து அவர்களை யாரும் கொண்டுபோகவில்லை. தாங்களாகத் தலைநகருக்குப் போனார்கள். சொல்வதற்குக் கதை இல்லை."

கொன்றிருந்தால்தான் கதையா? இங்கே துணி அளந்து வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், கும்பிட்டார்கள். பிறகு போனார்கள். அகதிகளாக வந்த எங்களை முதலில் கொண்டுபோய் இருத்திய ஸ்கீவ என்ற ஊரிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வேலைக்காக வெளியேறின. அதற்காக நாங்கள் அங்கே வாழவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சும்மா விடமாட்டேன்.

கதவுக்கும் நிலைக்கும் கரும்பச்சை அடித்தேன். பள்ளத்தின் ஓரக் கோட்டை மட்டும் மிக மெல்லிய தூரிகையால், மூச்சை அடக்கி இழுத்தேன். உள்ளே வெறும் மரம், எண்ணெய் மட்டும் பூசினேன். கோடு மயிரளவும் பிசகவில்லை. அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. அண்ணை படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். "எங்கட தங்கச்சியின்ர கை" என்று கீழே எழுதினார்.

முதலாளி கத்தத்தான் செய்தார். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

வாசலில் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று நேற்று முதலாளிக்கு அதிகாரியின் கடிதம் வந்தது. அடுத்த கிழமை திறப்பு விழா. அதற்கு முன் பள்ளத்தை அடைத்துச் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் வேறு கம்பனி வந்து அடைக்குமாம். வாசலில் வைக்கப்போகும் பலகையில் "பழைய வணிகர் வீடு" என்று மட்டும் இருக்குமாம். எந்த வணிகர் என்று இல்லை.

நான் அடைக்கப் போவதில்லை. அதிகாரி அவர்களே, முதலாளிக்குக் கடிதம் எழுதி இதை முடிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் கடை யாருடையது, அந்த அடையாளத்தை மூட நீங்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறீர்கள்? விழாவுக்கு முன்பு, உள்ளூர்ப் பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.