ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்புவார்கள்

மகளைச் சேர்க்கப் போனபோதுதான் பல்கலைக்கழகத்தை முதலில் பார்த்தேன். நெய்வேலியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். வாசலிலிருந்து அவள் வகுப்பு வரைக்கும் வயல்தான். நடுவில் ஒரு நூலகம், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான்.

அவள் எம்.ஏ., பி.எட்., டாக்டர் பட்டம் எல்லாம் முடிப்பதற்குள் வயல் போய்விட்டது. விடுதிகள் வந்தன, பேங்க் வந்தது, எனக்கு வாயில் நுழையாத படிப்பெல்லாம் வந்தது. பஸ் உள்ளேயே போனது. பிள்ளைகள் கூட்டம் திருவிழா மாதிரி. வாத்தியார்கள்தான் கூடவில்லை. வயசானவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அந்த இடத்தில் கௌரவ விரிவுரையாளர் என்று என் மகள் மாதிரி ஆட்களைப் போட்டார்கள்.

ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜூனில் புது ஆர்டர்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அங்கேயும் இதேதான். காண்ட்ராக்டர் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு சில நாள் வீட்டில் உட்கார வைப்பார். பிறகு புது பாஸ். தொடர்ந்து வேலை பார்த்தேன், பர்மனென்ட் ஆக்கு என்று யாரும் கேஸ் போடக் கூடாதல்லவா.

மகள் ஏப்ரல் கதையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "எங்க பாஸ் கதைதானா அங்கயும்? இதுக்கா இம்மாம் படிச்ச?"

"உங்களுக்கு ஹெல்மெட்டாவது குடுக்கறாங்கப்பா."

நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மகளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் போனால் பர்மனென்ட் என்றார்கள். அவர் வேண்டாம் என்றார்.

"அங்க போனா கடைசி ஆளு நீ. இங்க வரிசையில முன்னாடி நிக்கற. நடுவுல வுட்டா சீனியாரிட்டி பூடும்."

எங்கள் தெருவே அதைத்தான் சொன்னது. மகளும் சரி என்றாள். சுரங்கத்தில் சீனியாரிட்டி பார்த்துத்தான் பர்மனென்ட் பண்ணுவார்கள்; அதைப் பார்த்தே இந்த ஊரில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் வரிசை என்று ஒன்றே இல்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஜூனில் அங்கே இன்னொரு புதுக் கட்டடம் திறந்தார்கள். மகளுக்கு ஆர்டர் வரவில்லை. போய்க் கேட்டாள். இந்த முறை புதிதாக இன்டர்வியூ வைத்து ஆள் எடுத்துவிட்டோம், பழைய சர்வீஸ் கணக்கில் வராது என்றார்களாம். பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டாள். அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். அழவில்லை.

"இரும்மா, கூப்புடுவாங்க" என்றார் அவர்.

"நீ எத்தினி வருசமா இருந்துகினு இருக்கறப்பா?"

இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குச் சாப்பாடு கட்டித் தர மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.